பணியிட மனக்குறை உருவாகும் முறை: ஜவுளிக்கடை ஊழியரின் இருக்கை உரிமையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பணியிட மனக்குறை வசதியின்மையால் மட்டும் பிறப்பதன்று. எடுத்துரைக்கப்பட்ட குறை செவிமடுக்கப்படாதபோதே அது முதிர்கிறது. இதனை ஜவுளிக்கடை ஊழியரின் இருக்கைச் சிக்கலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அதிருப்தி, முறையீடு, மனக்குறை, இருக்கை உரிமை, குறைதீர்ப்புக் குழு.

முன்னுரை

பணியாளர் நிருவாகம் குறித்து எழுதிய பால் பிகர்ஸ், சார்லஸ் மையர்ஸ் ஆகியோர் மூன்று நிலைகளை வேறுபடுத்துகின்றனர். பணியாளரின் மனத்தை உறுத்துவது, அவர் அதனை வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும், அதிருப்தி எனப்படும். அது சொல்லாகவோ எழுத்தாகவோ மேலாளரை அடையும்போது முறையீடு ஆகிறது. அம்முறையீடு உரிய கவனமின்றித் தள்ளப்பட்டதாகப் பணியாளர் கருதும்போது மனக்குறை தோன்றுகிறது.

சொல்லப்படாத அதிருப்தி

ஜவுளிக்கடை விற்பனையாளர்கள் பணிநேரம் முழுவதும் நின்றே பணியாற்றுவது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்துள்ளது. கால்வலி, கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் ஆகியவை நெடுநேரம் நிற்பதோடு தொடர்புடையவை. வாடிக்கையாளர் முன் அமர்வது மரியாதைக் குறைவு என்னும் வணிக எண்ணம், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அவர்களை நிற்க வைத்தது. வேலை பறிபோகும் என்ற அச்சமோ அவர்களைப் பேசவிடவில்லை. இத்தகைய மௌனத்தை மனநிறைவு என்று நிருவாகம் கொள்ளுமாயின் அது பிழையாகும்.

சட்டம் அளித்த பிடிமானம்

நின்று பணிபுரியும் தொழிலாளர்க்கு அமரும் ஏற்பாடு வேண்டும் என்பதைத் தொழிற்சாலைகள் சட்டம், 1948 தன் 44ஆம் பிரிவில் விதித்தது. எனினும் கடை ஊழியர் அதன் வரம்புக்குள் வரவில்லை. கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ போன்ற பெண் தொழிலாளர் அமைப்புகள் இச்சிக்கலைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தன. அதன்பின் கேரளம் 2018இல் தன் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இல் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. பணிக்கிடையே வாய்ப்புள்ளபோது அமர்வதற்கேற்ற இருக்கை வசதியை அப்பிரிவு கட்டாயமாக்குகிறது. தொழிற்சாலைத் தொழிலாளர் பெற்ற பாதுகாப்பு, தமிழ்நாட்டுக் கடை ஊழியரை வந்தடைய 73 ஆண்டுகள் ஆயின. சலுகை கேட்பதாகக் கருதப்பட்டது, இதன் வழி உரிமை கோரும் முறையீடாக மாறியது.

குறைதீர்ப்பின் எல்லை

உரிமை ஏட்டில் இருப்பினும், முறையீட்டைக் கேட்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும். தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழில் நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. அக்குழுவில் இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும். விண்ணப்பம் பெற்ற 30 நாள்களுக்குள் நடவடிக்கையை முடிக்க வேண்டும். ஆனால் இருபதுக்கும் குறைவானோர் பணிபுரியும் சிறு கடைகளுக்கு இக்கட்டாயம் இல்லை. அங்கே நாற்காலியை மறுப்பவரும் முறையீட்டைக் கேட்க வேண்டியவரும் பெரும்பாலும் ஒரே உரிமையாளர்தாம். ஆகவே, சட்டம் உரிமை அளித்த பின்னரும் அதிருப்தி முறையீடாகாமல் உள்ளேயே தங்கிவிடும் நிலை அங்கு நீடிக்கிறது.

முடிவுரை

முறையீடுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு பணியிடத்தின் மனநிறைவை அளவிட இயலாது. முறையிடும் வழியற்ற இடத்தில் முறையீடே எழாது. மனக்குறையைத் தடுக்க வசதி செய்து தருவதோடு, அச்சமின்றிப் பேசவும் காலவரையறைக்குள் மறுமொழி பெறவும் வழி வேண்டும். சிறு கடை ஊழியர்க்கு, உரிமையாளரைச் சாராத குறைதீர்ப்பு அமைப்பை வட்டார அளவில் ஏற்படுத்துவது இவ்விடைவெளியைக் குறைக்கும்.