வீட்டுக்கு ஒரு பெரிய ஆங்கில அகராதி

திருவனந்தபுரத்தில் பல வீடுகளில் டி. ராமலிங்கம் பிள்ளையின் ஆங்கில-மலையாள அகராதி இருக்கும். தமிழ் வீடுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இருக்கலாம். இரண்டும் பொருளை நம் மொழியில் சொல்லிவிடும். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் எப்படி மாறியது, இன்னொரு சொல்லிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று அறிய ஆங்கிலத்திலேயே விளக்கும் பெரிய அகராதி வேண்டும்.

தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். வீட்டில் என்ன படிக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

பழைய இலக்கியம் படிப்பவர்களுக்கு ஏற்றது ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு. இரண்டு தொகுதிகள், ஆறாம் பதிப்பு 2007இல் வந்தது. பொருள்களைக் கால வரிசையில் அடுக்கும். ‘கேர்ள்’ என்ற சொல் ஒரு காலத்தில் ஆண், பெண் இரு குழந்தைகளையும் குறித்தது என்பதை அங்கே காணலாம். ஆனால் இன்றைய பொருளைத் தேடிச் சற்றுக் கீழே போக வேண்டியிருக்கும்.

நாளிதழ், பள்ளி, அலுவலகம் என்று அன்றாடத் தேவைக்கு ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி ஆஃப் இங்கிலிஷ் நல்லது. ஒரே தொகுதி, மூன்றாம் பதிப்பு 2010. இன்று வழங்கும் முக்கியப் பொருளை முதலில் தருகிறது. குறுக்கெழுத்துப் பிரியர்கள் அரிய சொற்களுக்காகச் சேம்பர்ஸ் அகராதியை நாடுவார்கள்.

அமெரிக்க வழக்குக்கு 1961இல் வந்த வெப்ஸ்டர்ஸ் தேர்டு இருக்கிறது. நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்டது. புதிய சொற்களுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ‘வெப்ஸ்டர்’ என்ற பெயரை எந்தப் பதிப்பகமும் போட்டுக்கொள்ளலாம். அசல் வழிவந்தது மெரியம்-வெப்ஸ்டர்தான்; அட்டையில் அந்தப் பெயரைப் பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். படிக்கும்போது உங்களை நிறுத்திய சொற்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் பாளையத்தில், 1829இல் தொடங்கிய மாநில மைய நூலகம் இருக்கிறது. அங்கே குறிப்புதவி நூல்களில் கிடைக்கும் அகராதிகளை எடுத்து, அதே சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுங்கள். எந்த விளக்கம் உங்களுக்கு உடனே புரிகிறதோ, எந்த எழுத்தைக் கண் சிரமமின்றிப் படிக்கிறதோ அதுவே உங்களுக்கானது.

பழைய பிரதி வாங்கினால் மறுஅச்சு ஆண்டைப் பதிப்பு ஆண்டென்று எண்ணிவிடாதீர்கள். முதுகுத் தையல் தளர்ந்திருக்கிறதா, பக்கங்கள் முழுதாக உள்ளனவா என்று புரட்டிப் பாருங்கள்.

இரண்டு பருவமழை காணும் ஊர் இது. ஈரச் சுவரை ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் வரும். கனமான அகராதியை நிறுத்தி வைத்தால் நூல்கட்டு தளரும். காற்றோட்டமான இடத்தில், கை எட்டும் உயரத்தில் படுக்கவையுங்கள். பூட்டிய அலமாரிக்குள் போன அகராதியைப் பிள்ளைகள் தேடி எடுக்க மாட்டார்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும், பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் ஒற்றைத் தொகுதியை வாங்குங்கள். ஷார்ட்டரை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.