அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் யார் பொறுப்பு?

கல்யாண வீடியோவை எடிட் செய்து ரெண்டர் போட்டிருக்கும் நேரம். திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகரவில்லை. ஸ்பீக்கரில் பாட்டின் ஒரே ஒரு துணுக்கு ‘கர்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஃபேன் மட்டும் சுற்றுகிறது. நீலத்திரையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அரை நாள் ஒழுங்காக ஓடுகிறது. “இங்க நல்லாத்தானே சார் ஓடுது? விண்டோஸ் பிரச்சினையா இருக்கும், ஃபார்மட் போட்டுடலாம்” என்கிறார்கள்.

அந்த ஃபார்மட்டுக்கு உடனே தலையாட்டாதீர்கள். கோளாறுக்கான சாட்சியம் இருப்பது அந்த விண்டோஸின் பதிவேட்டில்தான். ஃபார்மட் செய்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் ஒரே நிறுவனத்தைக் கேட்டால் போதும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ அசெம்பிள் செய்து வாங்கியதில் பிராசஸர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்துடையது. ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி. ரேம் கம்பெனி போர்டைக் கைகாட்டும், போர்டு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸைக் கைகாட்டும். நடுவில் அலைவது வாங்கியவர்தான். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்தத் தட்டிக்கழிப்பை ஏற்பதில்லை. எந்தப் பாகத்தோடு எது சேரும் என்று தேர்ந்தெடுத்து, பூட்டிக் கொடுத்து, காசு வாங்கிய கடை பொருளை விற்றதற்கும் பொறுப்பு, சேவை செய்ததற்கும் பொறுப்பு.

அதை நிலைநாட்ட முதலில் பில் வேண்டும். “ஜிஎஸ்டி இல்லாமப் போட்டுத் தரேன்” என்ற பேச்சில் 18 சதவீதம் மிச்சமாவதுபோலத் தெரியும். கையில் வருவது ‘கம்ப்யூட்டர் 1 செட்’ என்று எழுதிய துண்டுச் சீட்டு. ஆறு மாதம் கழித்து அதைக் காட்டி எந்த ரேம், எந்த போர்டு என்று எப்படி நிரூபிப்பீர்கள்? ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனி வரியாக ஏறிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். முறையான பில் தர மறுப்பதையே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும் கவலை வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டப்படி தவறு.

அடுத்து சாட்சியம். ஹேங் ஆனதும் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் சிஸ்டம் உள்ளே உயிரோடு இருக்கிறது. கிராபிக்ஸ் டிரைவரையோ ஒரு மென்பொருளையோ சந்தேகிக்கலாம். விளக்கு அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் வன்பொருள் பக்கம்தான் தேட வேண்டும். மீண்டும் ஆன் செய்ததும் ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து அந்த நேரத்துப் பதிவுகளைப் பாருங்கள். ‘கெர்னல்-பவர் 41’ என்று இருந்தால் பதறாதீர்கள். முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ‘வீயா-லாகர்’ என்ற பெயரில் பதிவு இருந்தால்தான் வன்பொருள் தானே புகார் சொல்கிறது என்று பொருள். அதைப் படம் எடுத்து வையுங்கள்.

காரணமில்லாமல் ஹேங் ஆவதில் நான் முதலில் சந்தேகிப்பது ரேமைத்தான். 3600 என்று பெட்டியில் போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம் தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் ‘எக்ஸ்எம்பி’யை ஆன் செய்தால்தான் ஓடும். அது ஓவர்கிளாக்கிங். எல்லா போர்டும் பிராசஸரும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது, நான்கு ஸ்டிக் போட்டிருந்தால் இன்னும் கடினம். எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து சில நாள் ஓட்டிப் பாருங்கள், செலவில்லாத சோதனை. ஹேங் நின்றுவிட்டால் ரேம் கெட்டதென்று அர்த்தமில்லை, அந்தக் கூட்டணி சரியில்லை. கூட்டணியைத் தேர்ந்தெடுத்தது கடை என்றால் பதில் சொல்ல வேண்டியதும் கடைதான். நிற்கவில்லையென்றால் ‘மெம்டெஸ்ட்86+’ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிறகு ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டுச் சோதித்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

ரேம் தேறிவிட்டால் சூடு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாக வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸில் ‘80 பிளஸ்’ என்றிருப்பது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான முத்திரை மட்டுமே, தரத்துக்கான உத்தரவாதம் அல்ல. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதா? வீட்டு எர்த்திங்கை முதலில் சரிசெய்யுங்கள், அதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு இவற்றில் சில பழுதாகின்றன என்று 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. பெட்டியில் வந்த, பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்து ஐந்தாக்கியது. பயாஸை அப்டேட் செய்தால் மேற்கொண்டு பழுதாவது குறையும், ஏற்கெனவே பழுதானது திரும்பாது. எனவே மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியில்லாத ‘டிரே’ பிராசஸரை மலிவாகப் பூட்டியிருந்தால், அதற்கு இன்டெல்லை நேரே கேட்க முடியாது. விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும்.

படங்கள், தேதிகள், சோதனை முடிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 15 நாள் அவகாசம் கொடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாகவும், வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். எடிட்டிங்கோ டிடிபியோ செய்து பிழைக்கிறவர் “இது வியாபார உபயோகம், நீங்க நுகர்வோரே இல்லை” என்ற வாதத்துக்கு மிரள வேண்டாம். சுயதொழிலில் சொந்தப் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

திடீர் திடீரென்று பவரை அணைத்து எழுப்பும் கம்ப்யூட்டரில் ஃபைல் பழுதாவது சகஜம். அதனால் முதல் ஹேங் வந்த அன்றே முக்கியமானதை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எஸ்எஸ்டியை வாரண்டிக்குக் கொடுத்தால் பெரும்பாலும் அதே பொருள் திரும்பி வராது. உள்ளிருக்கும் வங்கி விவரமும் குடும்பப் படமும் அதோடு போய்விடும். டிஸ்க் படிக்கும் நிலையில் இருந்தால் அழித்துவிட்டுக் கொடுங்கள். எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும் சீரியல் எண் எழுதிய சர்வீஸ் சீட்டு இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். மாற்றுப் பொருள் வந்ததும் புதிய சீரியல் எண்ணைப் பழைய பில்லின் பின்னாலேயே கடைக்காரர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.