பாரசீகச் சுரங்க வாய்க்காலும் நம் பக்கத் துளையும்

மாசி கழிந்துவிட்டால் ராசிபுரம், ஓமலூர், சங்ககிரி வட்டாரங்களில் பல கிணறுகள் அடித்தட்டைக் காட்டத் தொடங்கிவிடும். மோட்டார் சற்று நேரம் ஓடியதும் நீர் நின்றுவிடும். மறுபடி ஊற மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு விவசாயிகள் கையாளும் வழிகளில் ஒன்று, கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் துளையிடுவது. 'சைடு போர்' என வழங்கும் இம்முறைக்கு மிக மூத்த உறவு ஒன்று ஈரானில் உண்டு.

மழை குறைந்த அந்நாட்டில் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி நீர் கண்டார்கள். வயல் பக்கமிருந்து அக்கிணற்றை நோக்கி நிலத்துக்கடியில் சுரங்க வாய்க்கால் வெட்டினார்கள். 'கனாத்' என்பது இதன் பெயர். மண்ணை வெளியேற்றவும் காற்று வரவும் வழிநெடுகச் சிறு கிணறுகள். வாட்டம் ஆயிரம் அடிக்கு ஓரடி அளவுதான். கூடினால் நீர் அரித்துச் சுரங்கம் சரியும். கோனாபாத் என்ற ஊரின் கனாத் சுமார் 33 கி.மீ. நீளம். கவலையும் இல்லை, மோட்டாரும் இல்லை. நீர் தானே வயலுக்கு வந்து சேரும்.

பங்கீடும் கவனிக்கத்தக்கது. அடியில் சிறு துளையுள்ள செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தைக் கொண்டு முறை கணக்கிட்டார்கள். நம் நாழிகை வட்டிலும் இவ்வகையே.

இக்கலை இந்தியாவுக்கும் வந்தது. கர்நாடகத்தின் பீதரிலும், 1615-ல் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரிலும் இத்தகைய சுரங்கங்கள் வெட்டப்பட்டன. பாலாற்று மணலில் நம்மவர் வெட்டிய ஊற்றுக்கால்களும் இதே தத்துவம்தான்.

1960-களுக்குப் பின் ஈரானில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நீர்மட்டம் சுரங்கத்துக்குக் கீழே இறங்கவே, பல கனாத்துகள் வறண்டன. கனாத்தில் ஊறுவது மட்டுமே வரும். மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

சேலம், நாமக்கல் சமவெளி கடும்பாறைப் பூமி. நீர் இருப்பது மேலுள்ள சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான். ஆகவே பக்கத் துளையை முழுப்பாறையில் இறக்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். மழைக்காலத்தில் நீர் கசிந்த இடங்களைச் சுவரில் குறித்து வைத்து, கோடையில் அங்கே, ஓடை அல்லது ஏரி உள்ள திசையில் துளையிடலாம். நீர் கிணற்றுக்குள் வடிய, துளை உள்நோக்கிச் சற்று ஏறுமுகமாக இருப்பது நல்லது. பக்கத்துக் காட்டுக் கிணற்றை நோக்கித் துளை போடுவது புதுநீர் தேடுவதாகாது. அதே ஊற்றைப் பங்கு போடுவதாகும். பின்னால் வழக்கு வரும்!

துளை நீரை உண்டாக்காது, இருப்பதைச் சேர்க்கும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் வழியும் நீரைக் கிணற்றுக்குத் திருப்புவது அவசியம். கிணற்றோரம் ஒரு குழி எடுத்து, கீழே பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் நிரப்பி, அதில் வடித்தே விட வேண்டும். கலங்கல் நீரை நேரே விட்டால் வண்டல் படிந்து ஊற்றுக்கண்கள் அடைபட்டுவிடும். மேல் மணலை ஆண்டுதோறும் ஆடியில் மாற்றிவிடலாம்.