செவிகொடுக்கப் பழகுதல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. கரையோர ஊர்களுக்கு உணவும் உடையும் மருந்தும் வந்து சேர்ந்தன. உடற்காயங்களுக்குக் கட்டுப் போட்டவர்கள் கட்டுப் போட இயலாத காயங்களையும் அங்கே கண்டனர். உறக்கம் இழந்தோர், உணவை வெறுத்தோர், ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தோர் எனப் பலர் இருந்தனர். கடலைப் பார்க்கவே சிறுவர் அஞ்சினர்.

இத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்களை எங்கிருந்து கொண்டுவருவது? பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தார் இதற்கு ஒரு வழி அறிந்திருந்தனர். நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் அந்நிறுவனம், 1999இல் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோதும், 2001இல் குஜராத்தில் நிலம் அதிர்ந்தபோதும் உள்ளூர் மக்களுக்கே பயிற்சி அளித்து அவர்களைத் துணைநிற்கச் செய்திருந்தது. நாகப்பட்டினத்திலும் அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், தொண்டர் முதலியோர் அவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டனர்.

இத்தகைய பயிற்சிக்கு வருவோர், ஆறுதல் கூறக் கற்கப்போகிறோம் என்று எண்ணியே வருவர். தாம் நெடுங்காலமாகக் கூறிவந்த ஆறுதல் மொழிகளையே கைவிட வேண்டியிருப்பது அவர்களுக்கு வியப்பளிக்கும். பயிற்சியில் நடித்துப் பார்ப்பது வழக்கம். ஒருவர் மகனை இழந்த தாயாக அமர்வார். மற்றவர் தொண்டராக எதிரில் அமர்வார்.

"அழாதீர்கள் அம்மா! எல்லாம் விதி. இன்னொரு பிள்ளை இருக்கிறானே, அவனுக்காகவாவது மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்."

இதைக் கேட்ட தாய் தலைகுனிவார், பேச்சு நின்றுவிடும். கூறியவரிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை. ஆயினும், 'அழாதே' என்னும் சொல் அழுகைக்கு அணை போடுகிறது. ஒரு பிள்ளையின் இழப்பை மற்றொரு பிள்ளை ஈடுசெய்யவும் இயலாது. அதே காட்சியை மீண்டும் நடிப்பர்.

"உங்கள் மகனின் பெயர் என்ன அம்மா?"

இவ்வளவு கேட்டுவிட்டுத் தொண்டர் காத்திருப்பார். அந்த அமைதியைத் தாங்குவதே பயிற்சியின் கடினமான பகுதி. பத்து நொடி பத்து நிமிடமாகத் தோன்றும். எதையாவது பேசி நிரப்பிவிட நா துடிக்கும். பொறுத்திருந்தால் தாய் மெல்லப் பேசத் தொடங்குவார். "அன்று காலையில் நான்தான் அவனைக் கடைக்கு அனுப்பினேன்" என்பார். "அனுப்பாமல் இருந்திருக்கலாமே என்று எண்ணி எண்ணி வருந்துகிறீர்கள்" என்று அவர் உள்ளக்கருத்தையே தொண்டர் எடுத்துரைப்பார். தம் துயரம் மற்றவருக்குப் புரிந்தது என்பதைத் தாய் அப்போது உணர்வார்.

தமிழக ஊர்களில், சாவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் அணைத்து ஒப்பாரி வைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். வாய்விட்டு அழுதால் நெஞ்சு இளகும் என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆழிப்பேரலையிலோ பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. கிடைத்தவற்றுள் பல ஒரே குழியில் புதைக்கப்பட்டன. இறுதிச் சடங்கு செய்யவும் கூடி அழவும் வாய்ப்பின்றிப் போனவர்களுக்கு, அருகில் அமர்ந்து கேட்பவரின் தேவை மிகுதியாக இருந்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இப்பணியைப் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என வகுக்கிறது. இவற்றுள் இணைத்தல் என்பது, துயருற்றவரை உறவினரிடமோ மருத்துவரிடமோ உரிய உதவியிடமோ கொண்டு சேர்ப்பதாகும். முதலுதவி செய்பவர் மருத்துவர் ஆகிவிடுவதில்லை, இதுவும் அப்படித்தான்.

தொலைபேசி வழியாகவும் இப்பணி நடைபெறுகிறது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' அமைப்பில் தன்னார்வலர்களே அழைப்புகளுக்குச் செவிகொடுக்கின்றனர். முகம் தெரியாத உரையாடலில் குரலின் நடுக்கத்தையும் மூச்சின் தயக்கத்தையும் கவனிக்கப் பழக வேண்டும். "வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கவும் வேண்டும். அவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுமோ எனப் பலர் அஞ்சுவர். அவ்வாறு நிகழ்வதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. மனத்தில் அடைத்து வைத்ததைச் சொல்ல முடிந்ததால் பலர் சற்று ஆறுதலே அடைகின்றனர். ஆனால் இக்கேள்வியைத் தொடர்ந்து செய்ய வேண்டியவற்றைப் பயிற்சி பெற்றோரே அறிவர். ஆதலின் தோழனோ தோழியோ இத்தகைய எண்ணத்தை மறைவாகக் கூறினால், எவ்வளவு சத்தியம் வாங்கியிருந்தாலும், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அன்றே தெரிவித்துவிட வேண்டும்.

தில்லியிலோ மும்பையிலோ பல்லாண்டு வாழ்ந்து, அலுவலகத்தில் இந்தி பேசிப் பழகியவருக்கும் துயரம் மிகும்போது தாய்மொழியே நாவில் வரும். 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416இல், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேச வாய்ப்புண்டு. 18 வயதுக்கு உட்பட்டோர் 1098 என்னும் எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.