இடப்புறம் எத்தனை அடி?



கார் ஓட்டப் பழகுவது இன்று ஆடவர்க்கு மட்டுமே உரிய விருப்பமாக இல்லை. தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை ஆகிய நம் ஊர்களில் கணவர் வளைகுடாவில் பணிபுரிய, பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மூத்தோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் தாய்மார்களே ஓட்டுநர் இருக்கையில் அமர்கின்றனர். வரவேற்கத்தக்க மாற்றந்தான். ஆயினும், கியர் மாற்றுவதிலும் கிளட்ச்சை விடுவதிலும் காட்டப்படும் அக்கறையில் பாதியேனும், கார் சாலையில் எந்த இடத்தில் செல்கிறது என்பதை உணர்வதில் காட்டப்படுகிறதா? இல்லை என்றே சொல்ல வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இருவழிச் சாலையின் அகலம் பொதுவாக 7 மீட்டர். ஒரு பக்கத்துக்கு மூன்றரை மீட்டர். சிறிய காரின் அகலம் ஏறக்குறைய 1.6 மீட்டர், பேருந்து 2.6 மீட்டர் வரை இருக்கலாம். காரும் எதிரே வரும் பேருந்தும் தத்தம் பாதியின் நடுவே சென்றால் இரண்டுக்கும் இடையே 1.4 மீட்டர் இடம் இருக்கும். பழகுபவருக்கு அது போதுமானதாகத் தோன்றாது. பேருந்து தம் மீதே ஏறிவிடும் எனத் தோன்றும். உடனே ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடிப்பார். இரண்டடி ஒதுங்கினால் என்னவாகும்? இடப்புறத்தில் முன்பிருந்த 95 சென்டிமீட்டர் இடம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடி அதிலும் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்ளும்.

அந்த எஞ்சிய இடத்தில் யார் நடக்கிறார்கள்? குற்றாலம் சாலையில் சீசன் நாட்களில் சென்றவர்களுக்கு விடை தெரியும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்துவிட்டு, தலையில் துண்டும் கையில் ஈரத்துணியுமாகக் குடும்பம் குடும்பமாகச் சாலையோரமாகவே நடந்து வருவோர் அவர்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஓடும் சிறுவன் பின்னால் வரும் வண்டியைத் திரும்பியா பார்க்கப் போகிறான்? வலப்புறம் வருவது இரும்பாலான பேருந்து. இடப்புறம் நடப்பவர் வெறும் சதையும் எலும்பும். ஓட்டுபவருக்கோ கண்முன் தெரியும் பேருந்தின் மீதே அச்சம்; கண்ணுக்கு எட்டாத இடப்புறத்தில் நடப்பவரின் நினைவே இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தது இந்த முறைகேட்டுக்காகவே.

இதற்கு நம் நாட்டுக் காரின் அமைப்பும் ஒரு காரணம். ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வலப்பக்கச் சக்கரம் அவர் காலடியில் இருப்பது போன்றது. இடப்பக்கச் சக்கரமோ ஒன்றரை மீட்டர் தள்ளி, பானட்டின் மறைவில் கிடக்கிறது. அந்தப் பக்கத்தைக் கண்ணால் நேரே காண இயலாது. பழக்கத்தால்தான் உணர வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் இந்தக் குறை தெரியாமல் போவதும் உண்டு. ஆசான் அமர்ந்திருப்பது எங்கே? இடப்பக்கம். பல பயிற்சி வண்டிகளில் அவர் காலடியிலும் பிரேக் இருக்கும். கார் ஓரம் சாய்ந்தால் அவர் வாய் திறவாமல் கை நீட்டி ஸ்டியரிங்கை ஓர் அங்குலம் திருப்பிவிடுகிறார். இருபது நாள் இடப்புறத்தைப் பார்த்தவர் ஆசானே, பழகியவரல்லர்! உரிமம் கைக்கு வந்தபின், பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் அன்றுதான் உண்மை வெளிப்படுகிறது. ஆகவே ஆசானிடம், “கைகொடுக்காதீர்கள் ஐயா, இடப்புறம் எத்தனை அடி என்று என்னைக் கேளுங்கள்” எனச் சொல்லிவிடுங்கள். கேட்டுத் திருத்தினால்தான் மனத்தில் பதியும்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். சவூதியிலோ துபாயிலோ பத்தாண்டு ஓட்டியவராக இருக்கலாம். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். வண்டிகள் செல்வது சாலையின் வலப்பக்கம். காரின் பெரும்பகுதி தம் வலக்கைப் பக்கம் இருப்பதாகவே உடல் பழகியிருக்கும். ஊர் வந்த முதல் வாரத்தில் அதே நினைவோடு அமர்ந்தால், கார் தானாகவே இடது ஓரத்துக்குச் சாய்ந்து செல்லும். அனுபவம் மிக்கவராயிற்றே என்று வீட்டாரும் வாய் திறப்பதில்லை. விமான நிலையத்திலிருந்து இறங்கிய மறுநாளே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குற்றாலம் புறப்படுவதைத் தவிர்த்து, இரண்டு நாள் அதிகாலையில் காலி வண்டியில் பழகினால் என்ன குறைந்துவிடும்?

இனி பயிற்சி. முதலில் இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். அது மாறினால் எல்லா அளவும் மாறும். காலித் திடலில் சுண்ணாம்புத் தூளால் நீண்ட நேர்கோடு ஒன்று போடுங்கள். இடப்பக்கச் சக்கரங்கள் கோட்டின் மீது செல்வதாக நீங்கள் நினைக்குமாறு மெல்ல ஓட்டி நிறுத்துங்கள். இறங்கிப் பாருங்கள். முதல் நாள் ஓரடி, இரண்டடி பிசகியிருக்கும், வியப்படைய வேண்டாம். சக்கரம் சரியாகக் கோட்டில் நிற்கும்போது தலையை அசைக்காமல் முன்னே நோக்கினால், அந்தக் கோடு முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் ஓரிடத்தில் முட்டுவதாகத் தெரியும். பெரும்பாலான கார்களில் அது கண்ணாடியின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். அவ்விடத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டிவையுங்கள். பின்னர் கோட்டிலிருந்து ஓரடி, ஒரு மீட்டர் என விலகி நிறுத்தி, ஒவ்வொரு முறையும் இறங்கி அளந்து பாருங்கள். ஓட்டத் தெரிந்த மாமனார் உடன் வந்தால், “மாமா, இப்போது இடப்புறம் மூன்றடி இருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே பழகலாம். சில நாளில் காகிதம் தேவைப்படாது.

சாலைக்கு வந்தபின் பார்வையைத் தொலைவில் செலுத்துங்கள். பானட்டின் நுனியையே பார்ப்பவரின் வண்டி பாம்புபோல் நெளியும். எதிரே பேருந்து வந்தால் பேருந்தைப் பாராமல், நீங்கள் போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள். கண் போகும் பக்கம் கை போகும். நடப்பவரையோ மிதிவண்டியையோ கடக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் விடுங்கள். அவ்வளவு இடமில்லையெனில் அவர் பின்னாலேயே பொறுத்துச் செல்லுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைக் காலத்தால் அளப்பது எளிது. அது ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் “ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு” என எண்ணுங்கள். முடிக்குமுன் நீங்கள் அக்கம்பத்தை அடைந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு விநாடி என்பது 40 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். 60-இல் 33 மீட்டர். சாரல் விழும் நாளில் நான்கு விநாடி வேண்டும். பெருமழையினும் குற்றாலச் சாரல் ஏமாற்றக்கூடியது. சாலைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் கழுவிப் போகாமல் நனைந்து வழுக்கும். நெரிசலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரிகிறதா எனப் பார்த்து நில்லுங்கள், அது போதும்.

திருப்பங்களில் மற்றொன்று உண்டு. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்வாங்கிப் போகும். கடைவீதியில் இடப்புறம் திரும்பும் கார் வடிகால் கல்லில் ஏறுவது இதனால்தான். நீளமான வண்டிக்கு இது இன்னும் கூடுதல். கொல்லம் சாலையில் புளியரை எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரிகள் எதிர்ப்பாதையையும் எடுத்துக்கொண்டு திரும்புவதைக் காணலாம். அங்கே இடம் கிடைக்கும் என நுழையாமல், லாரி திரும்பி முடிக்கும்வரை வளைவுக்கு முன்பே நின்றுவிடுவதே முறை.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். முப்பதாம் நாளே ஓட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. மார்ச்சில் உரிமம் பெறுபவருக்கு, சீசன் தொடங்கும் ஜூனுக்கு முன் முழுதாக இரண்டு மாதம் கிடைக்கும். அதற்குள் திடலையும் ஊர்ச்சாலைகளையும் முடித்துக்கொண்டு, ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஞாயிறன்று மட்டும் குற்றாலம் சாலையைத் தவிர்த்து, வாரநாள் அதிகாலையில் அங்கே பழகுங்கள். முன்னும் பின்னும் எல் பலகையும், பக்கத்தில் உரிமம் பெற்ற ஒருவரும் இருக்கட்டும்.