பலகை சபையான கதை

ஆங்கில அகராதியில் 'போர்டு' என்ற சொல்லைத் தேடுகிற மாணவன் முதலில் மரப்பலகையைக் காண்கிறான்; அடுத்தாற்போல் சாப்பாட்டைக் காண்கிறான்; அதையும் கடந்து சென்றால் அதிகாரிகள் கூடிய சபை, கப்பலின் பக்கம், நாடக மேடை, புத்தகத்தின் கெட்டி அட்டை, சதுரங்கம் ஆடும் தளம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வஸ்துக்கள் வரிசையாக வந்து நிற்க, இத்தனை அர்த்தங்களையும் நெட்டுருப் போடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்று மனம் சோர்ந்து புத்தகத்தை மூடிவிடுகிறான். அந்தச் சோர்வுக்கு அவசியமே இல்லை. ஊர் சிரிக்கிறது என்றால் சிரிப்பது வீதியும் மதிலும் அல்ல, ஊரிலே வாழும் ஜனங்களே என்றும், வெற்றிலை நட்டான் என்றால் அவன் நட்டது இலையை அன்று, கொடியையே என்றும் விளக்கி, தொல்காப்பியர் காலம்தொட்டு நம் இலக்கணிகள் ஆகுபெயர் என்ற ஒரு விதியை வகுத்து வைத்திருக்கிறார்கள். அவ்விதியை அறிந்தவனுக்கு இந்த ஆங்கிலச் சொல்லின் சரித்திரம் தன் சொந்த பாஷையின் சரித்திரம்போலவே விளங்கும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அறுத்து இழைத்த பலகை என்பதே முக்கியப் பொருள். மத்திய காலத்து இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைகளில் பெருங்கூடத்திலேயே விருந்தும் விசாரணையும் சேவகரின் சயனமும் நடந்தமையால், போஜன வேளையில் கால்தாங்கிகளின்மேல் நீண்ட பலகைகளைப் பரப்பி உண்பதும், உண்டு முடிந்ததும் அவற்றைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவதும் வழக்கமாக இருந்தன. ஆகவே மேசை என்பதற்குப் பலகை என்பதே பெயராயிற்று. மேசையின்மீது பரிமாறப்பட்ட உணவுக்கும் நாளடைவில் அதுவே பெயராயிற்று. இடத்தின் பெயர் அவ்விடத்திலுள்ள பொருளுக்கு ஆகி வருவதை நாம் இடவாகுபெயர் என்கிறோம். நம்மூர் ஹோட்டல் வாசல்களில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதித் தொங்குவதில் முதற்சொல் சோற்றையும் இரண்டாவது படுக்கையையும் குறிப்பன. அந்த அறிவிப்பைத் தாங்கி நிற்கும் தகரத்தையும் நாம் போர்டு என்றே சொல்கிறோம் என்பது ஒரு விசித்திரம். துணி அடுக்கும் 'கப்போர்டு'கூடக் கிண்ணங்களைப் பரப்பி வைத்த திறந்த பலகையாகவே பிறந்து, பின்னர்தான் கதவு பெற்று அலமாரியாயிற்று. சீட்டாடுகிறவன் தன் கைகளை மேசைக்கு மேலே எல்லாரும் காணும்படி வைத்திருந்தால் சூது செய்ய இயலாது. ஒளிவுமறைவற்ற நடத்தையை 'அபவ் போர்டு' என்று ஆங்கிலேயர் போற்றுவது அங்கிருந்து வந்ததே.

உண்பதற்குக் கூடிய மேசையைச் சுற்றியே ஆலோசிப்பதற்கும் கூடினார்கள். பதினாறாம் நூற்றாண்டிலேயே, மேசையைச் சூழ்ந்திருந்த மனிதர்களின் கூட்டத்துக்கு மேசையின் பெயர் ஏறிவிட்டது. இதுவும் இடவாகுபெயரே. மரம் மனிதரானதோடு நில்லாமல் அதிகாரமாகவும் ஆகி, கடல் கடந்து நம்மிடமும் வந்து சேர்ந்தது. 1784ஆம் ஆண்டு பிட் என்ற பிரதமர் கொணர்ந்த சட்டத்தின்படி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை மேற்பார்வையிட லண்டனில் 'போர்டு ஆஃப் கண்ட்ரோல்' ஏற்பட்டது. 1786இல் சென்னையில் நிலவரி நிர்வாகத்துக்கென்று ரெவின்யூ போர்டு அமைந்தது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம் பிறக்க, ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் சாலை, சத்திரம், பள்ளி, வைத்தியசாலை ஆகியவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றன. கிராமத்துப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் படித்த 'போர்டு ஹைஸ்கூல்' அந்த ஜில்லா போர்டின் பள்ளிக்கூடமேயன்றி, கரும்பலகை மாட்டியிருந்ததால் பெற்ற பெயரன்று.

கப்பலின் கதை சற்று வேறு. கப்பலின் விளிம்பையும் பக்கத்தையும் குறித்த இன்னொரு பழஞ்சொல் ஒலியொற்றுமையால் பலகைச் சொல்லோடு கலந்துவிட்டது. பக்கத்தின் பெயர் கப்பல் முழுவதற்கும் ஆகவே, கப்பலில் ஏறியிருப்பவனை 'ஆன் போர்டு' என்றார்கள். வெற்றிலை என்ற சினைப்பெயர் கொடியாகிய முதலுக்கு ஆவதுபோன்ற சினையாகுபெயர் இது. அக்காலத்துக் கப்பல்களுக்குத் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தமையால், துடுப்புப் பக்கம் என்ற பொருளில் வலப்புறம் 'ஸ்டார்போர்டு' எனப்பட்டது. நட்சத்திரங்களுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இடப்புறத்தின் பெயராகிய 'லார்போர்டு', புயலின் இரைச்சலில் வலப்புறத்தின் பெயரோடு குழம்பி விபரீதம் விளைவிக்கக்கூடும் என்று கருதி, 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதை விலக்கிவிட்டு 'போர்ட்' என்ற வேறொரு சொல்லை ஏற்றது. விமான நிலையத்தில் நாம் கையில் வைத்திருக்கும் 'போர்டிங் பாஸ்' அந்தக் கப்பற்பக்கத்தின் வழிவந்ததேயன்றி, விடுதிச் சாப்பாட்டின் வழிவந்ததன்று.

இவ்வளவு பொருள்களையும் ஒரே சொல்லில் அடக்கிய ஆங்கிலத்தைப் பெயர்க்க முற்பட்டபோது, தமிழ் பலகை என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எழுதுவதற்குக் கரும்பலகை, கடைக்குப் பெயர்ப்பலகை என்று மரத்தோடு தொடர்புள்ள இடங்களில் பலகையை வைத்துக்கொண்டு, மனிதர் கூட்டத்துக்கு மட்டும் வாரியம் என்ற சோழர் காலச் சொல்லை மீட்டெடுத்தது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றன. மின்சார வாரியமும் வீட்டுவசதி வாரியமும் அந்தப் பெயர் மரபில் வந்தவை. எனினும் பலகை சபையைக் குறிப்பது நமக்கும் முற்றிலும் அந்நியமன்று. தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடங்கொடுத்து நீண்டதாகச் சொல்லப்படும் மதுரைச் சங்கப் பலகையின் ஐதிகத்தில், பலகை ஏறுவது என்பது சபையில் அங்கம் பெறுவதே அல்லவா?

இதிலே ரசிக்கத்தக்க அம்சம், அரசாங்கம் வாரியம் என்று எழுதிக்கொண்டிருக்க, ஜனங்கள் போர்டு என்ற சொல்லையே கைக்கொண்டு, ஆங்கிலேயர் கனவிலும் கருதாத புதிய அர்த்தங்களை அதற்கு அளித்திருப்பதுதான். 1957இல் தோன்றிய மின்சார வாரியம் 2010இல் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்ட பிறகும் வீடுகளில் அது எலக்ட்ரிசிட்டி போர்டின் சுருக்கமாகிய 'ஈ.பி.'யாகவே வழங்குகிறது. "ஈ.பி. கட்டியாச்சா?" என்று ஒருவர் கேட்டால், ஸ்தாபனத்தின் பெயர் அது விதிக்கும் கட்டணத்துக்கு ஆகிவிட்டது. "ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறார்" என்றால், சபையின் பெயர் அது கட்டிய வீடுகளுக்கும், அவ்வீடுகள் நிறைந்த பேட்டைக்கும், பேட்டையின் பஸ் நிறுத்தத்துக்கும் ஆகிவிட்டது. திருவள்ளுவரைப் படித்தேன் என்று சொல்லித் திருக்குறளைக் குறிக்கும் கருத்தாவாகுபெயரின் தன்மையே இவற்றிலும் இருக்கிறது. பெண்கள் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யும் நகரப் பேருந்தைச் சென்னைவாசிகள் 'ஒயிட் போர்டு' என்றே அழைப்பதில், முகப்பிலுள்ள பலகை வண்டி முழுவதையும் குறிக்கும் சினையாகுபெயர் மறுபடியும் தலைகாட்டுகிறது.

ஆகவே ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்தின் தனிப்பட்ட கோளாறு அன்று. நம் பள்ளிக்கூடங்களில் தமிழாசிரியர் ஆகுபெயரின் வகைகளை ஒரு மணி நேரத்தில் ஒப்பிக்கச் செய்கிறார். ஆங்கில ஆசிரியர் அடுத்த மணி நேரத்தில் அர்த்தப் பட்டியலை ஒப்பிக்கச் செய்கிறார். இரண்டும் ஒரே பாடம் என்பதை மாணவனுக்கு எடுத்துச் சொல்வோர் அரியர். சொன்னால், நீதிபதிகளின் ஆசனம் நீதிபதிகளையே குறிக்கும் 'பெஞ்ச்' ஆனது எப்படி, நாணயம் மாற்றுவோன் கடைபரப்பிய விசிப்பலகை 'பாங்க்' ஆனது எப்படி, எழுதும் மேசையாகிய 'பீரோ' ஐரோப்பாவில் அரசாங்க அலுவலகமாக உயர நம் வீட்டில் மட்டும் புடவை வைக்கும் இரும்பு அலமாரியாக நின்றது எப்படி என்பனவற்றை, அகராதியின் தயவை எதிர்பாராமல் அவன் தானே விசாரித்து அறிந்துகொள்வான்.