தாகத்தால் விழுந்த கோட்டை

ரூர்க்கிக்குப் பக்கத்தில் சோலானி ஆற்றுக்கு மேலே கங்கைக் கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகும் நீர்ப்பாலம் 1854இல் திறக்கப்பட்டது. புரோபி கோட்லியின் வேலை அது. அதன் இரு முனையிலும் உட்கார்ந்திருக்கும் கல் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொள்ள இன்றும் ஆட்கள் வருகிறார்கள். குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம் வெள்ளையர் காலத்தது அல்ல, 1966இல் வந்தது. ஆனாலும் 115 அடி உயரத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில் நடக்கும் ஆசைக்காகவே அங்கே கூட்டம் சேர்கிறது. யாழ்ப்பாணத் தீவுகளில் அப்படிப் பார்க்க ஒரு நீர்ப்பாலம் இல்லை. 1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் பிரித்தானியர் என்று மூன்று ஆட்சிகள் முந்நூறு ஆண்டுக்கு மேல் யாழ்ப்பாணத் தீவுகளை வைத்திருந்தன. லெய்டன், ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க் என்று தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டிய ஒல்லாந்தர், கால்வாய் வெட்டுவதில் உலகத்துக்கே ஆசான்கள். அவர்கள்கூட இங்கே ஒரு நீர்ப்பாலத்தையோ பாசனக் கால்வாயையோ விட்டுப்போகவில்லை. தீவுப் பகுதியை எந்த ஆட்சியும் கவனித்ததில்லை என்ற பழைய மனக்குறையோடு இதையும் சேர்த்துவிடலாம். அது சரியான விளக்கம் ஆகாது. இந்த நிலத்தில் தண்ணீரை ஓடவைக்க முடியாது, நிறுத்திவைக்கத்தான் முடியும். அதனால் காலனிய நீர்வேலை இங்கே தொட்டியாகவும் கிணறாகவும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைத் தினமும் கடந்துபோகிறார்கள். அதுதான் வரலாற்றைத் திருப்பியது என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நீர்ப்பாலத்துக்கு இரண்டு தேவை: ஒரு மேட்டில் வற்றாத நீர், அங்கிருந்து வயல் வரைக்கும் சீரான சரிவு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். தீவுகளில் அதுவும் இல்லை. நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது, ஆனால் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றருக்கு மேல் எழும்புவதில்லை. பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மழைநீர் மேலே ஓடி ஆறாவதற்குள் கல் அதைக் குடித்துவிடுகிறது. "கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வரைக்கும் கால்வாய் போட்டவர்கள் இங்கே ஏன் போடவில்லை?" என்று கேட்டால், அங்கே களனி கங்கை இருக்கிறது என்பதுதான் பதில்.

கல் குடித்த நீர் எங்கே போகிறது? உள்ளே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல், பாலின் மேல் ஆடை மாதிரி, மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து ஒரு பெரிய விதி பிறக்கிறது: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணக்கிட்டவர் படோன் கெய்பன் என்ற ஒல்லாந்துப் படைப் பொறியாளர்; பின்னர் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் தனியாக அதே முடிவுக்கு வந்தார். விதியின் மறுபக்கம்தான் தீவாரை வாட்டுவது. கிணற்றில் இறைத்து நீர்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் இறக்கினால், கீழேயிருக்கும் உப்புநீர் நாளடைவில் நாலு மீற்றர் மேலே ஏறப் பார்க்கும். சிறு தீவில் நன்னீர் அரை மீற்றர்கூட உயர்ந்து நிற்காத இடங்களில் மொத்தக் கனமே பத்து, இருபது மீற்றர்தான். துலாவில் பட்டை கட்டி இறைத்த காலத்தில், மனிதக் கை ஓய்ந்தபோது கிணறும் ஓய்ந்தது. மண்ணெண்ணெய் மிசினுக்குக் கை ஓய்வதில்லை.

இந்தக் கணக்கு வருவதற்கு முன்பே குடாநாட்டில் இதற்கான சான்று இருந்தது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பிரித்தானிய அதிகாரிகள் ஆழம் பார்த்தார்கள். மேலே நன்னீர், கீழே போகப்போகச் சவர், அடியில் கடும் உப்பு என்று எமர்சன் தெனன்ற் 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். எவ்வளவு இறைத்தாலும் வற்றாது என்ற பெயரை நம்பி, அதிலிருந்து பயிருக்கு நீர் கொடுக்கும் முயற்சிகளும் நடந்தன. வற்றவில்லைதான், அளவு மீறியபோது உப்பேறியது. இன்று நிலாவரை ஒரு சுற்றுலாத் தலம். காலனியப் பாசனக் கனவு காட்சிப்பொருளான கதை நம் பக்கத்தில் ஒன்று வேண்டுமென்றால், அதற்கு மிக நெருங்கியது இந்தக் கிணறுதான்.

தீவுகளுக்கு வருவோம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, கடலுக்குள் ஒரு திட்டில் நிற்கிறது ஹம்மன்ஹீல் என்ற கடற்கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பவளக்கல்லால் கட்டியது. 1658 மார்ச்சில் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டார்கள். சுற்றிலும் கடல், ஏணி வைத்து ஏற வழியில்லை. இருந்தும் இரண்டு வாரத்தில் கோட்டை சரணடைந்தது. உள்ளேயிருந்த நன்னீர்ச் சேமிப்பு அழிந்ததுதான் காரணம். படையோடு வந்த போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் பிறகு எழுதிய நூல் இந்தப் படையெடுப்புக்கு நமக்குள்ள முக்கியமான சாட்சி. யாழ்ப்பாணக் கோட்டை அதன்பின் ஜூனில் வீழ்ந்தது. வென்றவர்கள் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள்: கடற்கோட்டையில் தண்ணீர்த் தொட்டியைத் திருத்தமாகக் கட்டினார்கள்.

அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது பேர், ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு ஐந்து லீற்றர், மழையில்லாத நாட்கள் 250 என்று வைத்துக்கொண்டால் 37,500 லீற்றர் வருகிறது. ஐந்து மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் ஆழம் கொண்ட ஒரு தொட்டி போதும். ஆண்டுக்கு ஒரு மீற்றருக்குக் குறையாமல் மழை பெய்யும் இடத்தில் அதை நிரப்பச் சுமார் 40 சதுர மீற்றர்க் கூரையோ தளமோ போதும். ஒரு சின்ன வீட்டின் கூரை. ஒரு அறையளவு தொட்டி, பீரங்கிகள் நிறைந்த மதிலைவிடப் பெரிய காவல். கோட்டை பிரித்தானியர் காலத்தில் தொற்றுநோய் மருத்துவமனையாக இருந்தது, 1971 கிளர்ச்சிக்குப் பின் சிறையானது, இப்போது கடற்படையின் கையில் விடுதியாக நடக்கிறது. படகில் வந்திறங்குவோர் மதிலையும் சிறைக்கூடத்தையும் படம் எடுக்கிறார்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. படையாளுக்கான தொட்டி வேறு, பாசனம் வேறு. ஒன்றைக் காட்டி மற்றதன் இடத்தை நிரப்பலாமா? நிரப்ப முடியாது என்பது உண்மை. கடற்கோட்டைத் தண்ணீரில் ஒரு மிளகாய்ச் செடிகூட வளரவில்லை. ஆனால் நெடுந்தீவில் காலனிய ஆட்சி நடத்திய பெரிய தொழிலே குதிரை வளர்ப்பு. அதற்கு வேண்டிய நீரும் வாய்க்காலில் வரவில்லை, கிணற்றிலிருந்துதான் வந்தது. தீவில் இன்றும் நல்ல தண்ணிக் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே இருக்கின்றன; சாராப்பிட்டிக் கிணறுகளுக்கு உள்ள மதிப்பு அதனால்தான். அந்தக் குதிரைகளின் வழிவந்தவை இப்போது காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. 2015இல் அவற்றின் மேய்ச்சல் நிலம் உட்பட ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. கோடையில் குளம் காய்ந்து குதிரைகள் தாகத்தால் செத்த செய்தி அதன் பிறகும் வந்தது. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிணறு வெட்டவும் கேணி கட்டவும் துரவு தோண்டவும் ஒல்லாந்தர் வந்து கற்றுக்கொடுக்கவில்லை. அந்த அறிவு ஊரில் முன்பே இருந்தது; வந்தவர்கள் அதன்மேல் சுண்ணாம்பு பூசினார்கள் என்றால் பெரிய பிழையாகாது.

இன்னொரு மறுப்பு இன்றைய காலத்திலிருந்து வருகிறது. கடல்நீரையே நன்னீராக்கலாம் என்ற பிறகு இந்தப் பழங்கதை எதற்கு? கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் நீர் கொண்டுவரும் திட்டம்தான் முதலில் இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குளம் நிரம்பாத ஆண்டுகளில் வயலுக்கே போதாத நீர் அது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அதனால் திட்டம் கடல்நீரை நோக்கித் திரும்பி, 2024இல் தாளையடியில் நிலையம் திறக்கப்பட்டது. தீவுகளிலும் சிறு நிலையங்கள் வந்திருக்கின்றன. பவுசருக்கும் கானுக்கும் காத்து நின்ற மக்களுக்கு அவை செய்த உதவியைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி ஆயிரம் லீற்றர் நன்னீர் எடுக்கப் பெரிய நிலையங்களிலேயே மூன்று, நாலு யூனிட் மின்சாரம் செலவாகும். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நெடுங்காலம் டீசல் ஜெனரேற்றரில்தான் மின்சாரம் எடுத்துவந்தன. சூரிய ஒளி, காற்று இரண்டும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்தியாவோடு உடன்பாடு 2022இல்தான் ஏற்பட்டது. ஒரு யூனிட்டுக்குக் கால் லீற்றருக்கு மேல் டீசல் என்று பார்த்தால், ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசல், அதுவும் படகில் ஏறி வர வேண்டிய டீசல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் பெருந்திருவிழா ஆனி மாதத்தில். அதே தீவிலுள்ள பௌத்த நாகவிகாரைக்கு வருவோரும் பொசன் பௌர்ணமியை ஒட்டி ஏறத்தாழ அதே காலத்தில் பெருகுவார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசை நீளும் அந்த நாட்களில், மாரி மழை நின்று ஐந்து மாதமாகியிருக்கும். நிலத்தடி நன்னீர் மெலிந்துகொண்டே போகும் காலம் அது. வருவோருக்கு எத்தனை படகு விடலாம் என்று திட்டமிடுவோர், அந்தக் கிழமைகளில் எத்தனை ஆயிரம் லீற்றரை எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். மாரியில் கோயில் மண்டபக் கூரைகளில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்தால், அந்தத் தாளில் கழிக்க வேண்டிய தொகை குறையும்.